மடிப்பில் வந்த ஒன்றாம் நம்பர்

பந்தாட்டச் சட்டையைத் தேய்ப்பது, பார்க்கிறவர்கள் நினைக்கிற மாதிரி லேசுப்பட்ட வேலை இல்லை. பருத்திச் சட்டையோடு மல்லுக்கட்டி எப்படியாவது வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். இது வேறு ரகம். சூடு ஒரு பொட்டு கூடினால் சுருட்டிக்கொள்ளும். முதுகில் இருக்கிற எண் ரப்பரில் ஒட்டினது. இஸ்திரிப் பெட்டி நேராகப் பட்டால் எண்ணும் போச்சு, பெட்டியும் போச்சு. அதனால் உள்புறத்தை வெளியே திருப்பி, மேலே மெல்லிசாக ஒரு துணி போட்டு, கைக்குழந்தைக்கு உடம்பு துடைக்கிற மாதிரி ஒற்றி ஒற்றித்தான் எடுக்கவேண்டும். லாண்டரியக்காவுக்கு அது கைப்பழக்கம். பக்கத்து வீட்டுச் சண்டையைக் காதில் வாங்கிக்கொண்டே செய்வாள்.

கடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. வீட்டின் முன்னறைதான் கடை. தகரக் கூரை, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல், அதன் கீழே தேய்ப்பு மேஜை, சுவர் நெடுக ஹேங்கர் மாட்டுகிற கம்பி. உள்ளே போனால் ஒரு சமையல் இடம், ஒரு படுக்கிற இடம், அவ்வளவுதான். வெயில் காலத்தில் அந்த முன்னறையில் நின்றால் மனுஷரையே மடித்து எடுத்து வைத்துவிடலாம் என்று அவள் புருஷன் சொல்வான். அவன் பேக்கரியில் மாவு பிசைகிறவன். அடுப்புக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தவன். அவனே அப்படிச் சொன்னான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர்களுடைய ஒரே மகள் மகளிர் கால்பந்து லீக்கில் கோல்கீப்பர். ஒன்றாம் நம்பர் சட்டை. மைதானத்தில் எல்லோரும் அவளைச் ‘சுவரு’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. மகள் ஆடுகிற கிளப்பின் உருப்படிகள்தான் லாண்டரிக்கு நிரந்தர வேலை. ஆட்டத்துக்கு முந்தின நாள் மூட்டையண்ணன் பெரிய பையைக் கொண்டுவந்து இறக்குவார். கிளப்பின் சாமான்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. இறக்கும்போதே சொல்லிவிடுவார்.

“இந்தக் கட்டு ஹேங்கர், இந்தக் கட்டு மடிப்பு. மாத்திடாதீங்கம்மா, கோச் என் தோலை உரிச்சிடுவாரு.”

ஹேங்கரில் போகிறவை உடை மாற்றுகிற அறையில் கொக்கியில் தொங்கும். மடிப்பில் போகிறவை பெஞ்சின் மேல் அடுக்காகக் கிடக்கும். இதில் என்ன விசேஷம் இருக்கிறது என்று அவள் ரொம்ப நாள் யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அப்போதெல்லாம் மகள் வீட்டுக்கு வந்தால் வாய் மூடாது. யாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, யார் யாரோடு முறைத்துக்கொண்டு நிற்கிறாள், கோச் எவளைக் கண்டபடி ஏசினார், எல்லாம் ஒன்று விடாமல் வரும். அம்மாக்காரி தேய்த்துக்கொண்டே கேட்பாள். பெற்ற பெண் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிற சுகம் இருக்கிறதே, அதற்கு ஈடு ஏது?

ஒருநாள் அந்தச் சுகத்துக்கு வினை வந்தது.

“நாளைக்கு யாருடி எறங்குறா? அந்த ஒம்பதாம் நம்பருக்குக் கால் சரியாயிடுச்சா?”

“அதெல்லாம் இனிமே சொல்லக்கூடாதும்மா.”

“யாருகிட்ட?”

“யாருகிட்டயும்.”

“நான் யாருடி, யாரோவா?”

சுவரு ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “இன்னிக்கு எங்களுக்கு வகுப்பு எடுத்தாங்க. லீக் ஆபீஸ்லேருந்து ஒரு மேடம் வந்தாங்க. யாரு ஆடுறா, யாரு ஆடலை, யாருக்கு அடி, எல்லாம் உள்தகவலாம். வெளிய போச்சுன்னா அதை வெச்சு பெட் கட்டுவாங்களாம். வீட்டுலகூட பேசாதீங்கன்னு சொல்லிட்டாங்க.”

“நான் இஸ்திரிப் பெட்டியக் கட்டிக்கிட்டு அழறவடி. நான் எந்த பெட்டைக் கட்டப்போறேன்?”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தாளே தவிர, சொல்லவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான். ‘இன்னிக்கு எப்படி?’ என்றால் ‘நல்லாருந்துச்சு’. ‘கோச் என்ன சொன்னாரு?’ என்றால் ‘ஒண்ணும் சொல்லலை’. சாப்பிடுவாள், தட்டைக் கழுவுவாள், போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்காருவாள்.

“நல்லதுக்குத்தானே சொல்லியிருக்காங்க, விடு” என்றான் புருஷன்.

“பெத்தவகிட்ட மறைக்கிறதுல என்ன நல்லது? நான் என்ன தெருவுல தண்டோரா போடுறவளா?”

“நீ தண்டோரா வேற போடணுமாக்கும்? ஜன்னலைத் தொறந்து வெச்சுப் பேசினாலே போதுமே.”

அவள் கோபத்தோடு பெட்டியைக் குத்திவைத்தாள். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்தக் கோபத்தில்தான், அதற்கடுத்த மூட்டை வந்தபோது சட்டைகளை உற்றுப் பார்த்தாள். உள்புறமாகத் தேய்த்து முடித்து, வெளியே திருப்பி ஹேங்கரில் மாட்டும்போது எண் தெரியும். எந்த எண் கம்பியில் தொங்குகிறது, எந்த எண் மடிப்பில் கிடக்கிறது என்று மனசில் வாங்கிக்கொண்டாள். மறுநாள் ஆட்டத்தைப் போனில் பார்த்தால், கம்பியில் தொங்கின எண்களெல்லாம் வரிசையாக மைதானத்துக்குள் நடந்து வருகின்றன! ‘நீ சொல்லாட்டி போடி, சட்டை சொல்லுது’ என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அதற்கப்புறம் மூட்டை வந்ததும் அவள் கை முதலில் தேடுவது ஒன்றாம் நம்பரைத்தான். அது ஹேங்கர் கட்டில் இருந்தால் அன்றைக்கெல்லாம் அவளுக்கு வேலை அலுக்காது.

இதை யாரிடமாவது சொல்லிக்கொள்ளாமல் இருக்கமுடியுமா? அதற்குத்தான் வெள்ளைச்சட்டைக்காரர் இருந்தாரே.

அவர் எங்கே வேலை செய்கிறார் என்று அவள் கேட்டதில்லை. வாராவாரம் வெள்ளைச் சட்டைகள் கொண்டுவருவார். தேய்த்தாயிற்றா என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் திரும்ப வாங்க வருவார். அவசரப்படமாட்டார். மற்ற வாடிக்கைக்காரர்கள் துணியை வீசிவிட்டு ஓடுவார்கள். இவர் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, “என்னக்கா, வேர்த்து ஊத்துதே? இந்த அனல்ல எப்படி நிக்கிறீங்க?” என்று கேட்பார். அவள் கையில் பெட்டி சுட்ட தழும்பைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். ஒருநாள் ஒரு நிற்கும் ஃபேனையே கொண்டுவந்து இறக்கிவிட்டார். “எங்க ஆபீஸ்ல சும்மா கெடந்துச்சுக்கா. தம்பி குடுத்ததா நெனச்சுக்கங்க” என்றார். மகள் கேட்டபோது பழைய சாமான் கடையில் சல்லிசாகக் கிடைத்தது என்று சொல்லிவிட்டாள். அந்நிய ஆம்பிளை ஃபேன் கொடுத்தான் என்று வளர்ந்த பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சம். வேறு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, அந்தப் பாவிக்கு.

“சுவரு எப்படி இருக்காக்கா? நாளைக்கு ஜெயிச்சிடுவாங்களா?”

“அவ எங்க சொல்றா? வாயில பூட்டு. ஆனா எனக்குத் தெரியாதா என்ன? ஒம்பதாம் நம்பர் மடிப்புல கெடக்கு பாருங்க. நாளைக்கு அந்தப் பொண்ணு எறங்காது.”

“அடேயப்பா! சட்டையப் பார்த்தே சொல்லிடுவீங்களா? கில்லாடிக்கா நீங்க.”

கில்லாடி என்றதும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அப்புறம் அந்தப் பெரிய ஆட்டம் வந்தது. அரையிறுதி. அதில் நன்றாக ஆடினால் தேசிய அணியின் முகாமுக்குச் சுவருவைக் கூப்பிடப்போகிறார்கள் என்று மூட்டையண்ணனே காதில் போட்டிருந்தார். முந்தின நாள் பை வந்தது. ஹேங்கர் கட்டைப் பிரித்தாள். பன்னிரண்டாம் நம்பர் கீப்பர் சட்டை இருந்தது. ஒன்றாம் நம்பரைக் காணோம். மறுபடி ஒருமுறை தேடினாள். மடிப்புக் கட்டைப் பிரித்தாள். அடியில் கிடந்தது.

மகள் உள்ளேதான் இருந்தாள், இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு. காலையிலிருந்தே அந்தக் கை வெளியே வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போய்க் கேட்கலாம். கேட்டால் ‘ஒண்ணுமில்லம்மா’ என்பாள். அந்த ‘ஒண்ணுமில்லம்மா’வைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. தேய்த்துக்கொண்டே அழுதாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வெள்ளைச்சட்டைக்காரர். “அக்கா, சட்டை ரெடியா?”

“ரெடிங்க.”

“ஏன்க்கா குரல் ஒருமாதிரி இருக்கு? அழுதீங்களா?”

வீட்டில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. அணை உடைந்துவிட்டது. “எம்பொண்ணு நாளைக்கு எறங்கலைங்க. சட்டை மடிப்புல வந்திருக்கு. கையில என்னமோ அடி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை” என்று மூக்கைச் சிந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். “கவலைப்படாதீங்கக்கா, எல்லாம் நல்லதுக்குத்தான்” என்றார்.

சட்டைகளை வாங்கிக்கொள்ள அவர் வரவேயில்லை. அவை இன்னமும் கம்பியில் தொங்குகின்றன.

ஆட்டத்தில் தோற்றார்கள். அதற்கடுத்த வாரம் லீக் ஆபீஸிலிருந்து சுவருவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் மைதானத்துக்குள் காலடி எடுத்து வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அணியில் யார் இறங்குகிறார்கள் என்று வெளியிடுவதற்கு முன்னாலேயே, சுவரு ஆடமாட்டாள் என்று தெரிந்த யாரோ பெரிய அளவில் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். அவள் விரல் உடைந்தது தெரிந்தவர்கள் கோச்சும் கட்டுப்போட்ட டாக்டரும் அவளும்தான். இது போதாதென்று, பந்தயம் கட்டினவனுடைய போனிலிருந்து அவள் பெயரில் இருக்கிற நம்பருக்குப் பலமுறை பேசியிருக்கிறார்கள்.

“எந்த நம்பரும்மா அது? நான் அப்படி யாருகிட்டயும் பேசினதே இல்லையே. எனக்கே தெரியாம என் பேர்ல நம்பர் இருக்குமா?” என்று மகள் புலம்பினாள்.

தன் போனில் கிடக்கிற பழைய சிம்தான் அது என்று அம்மாவுக்கும் தோன்றவில்லை. அந்தச் சிம்மை வாங்கும்போது சுவரு பள்ளிக்கூடம் முடித்திருந்தாள். அடையாள அட்டை அவளிடம்தான் இருந்தது. அவள் பெயரில் வாங்கி அம்மா கையில் கொடுத்தார்கள். அதோடு எல்லோரும் மறந்துபோனார்கள்.

கிளப்பில் இப்போது வீட்டுக்காரர்களுக்கும் வகுப்பு வைத்தார்கள். மகள் போகமுடியாது. அம்மா போனாள். வகுப்பு எடுத்தவர் அதே லீக் ஆபீஸ் மேடம், நல்ல மாதிரி. சின்ன வயசு, தணிந்த குரல். அப்பாமார்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“அவங்க முதல்ல விளையாடுறவங்ககிட்ட வரமாட்டாங்க” என்றார் மேடம். “பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட வருவாங்க. டீக்கடையில, பஸ்ல, உங்க கடை வாசல்ல. ரொம்ப அன்பா இருப்பாங்க. உங்க கஷ்டத்தைக் கேப்பாங்க. ஏதாவது ஒரு சின்னப் பொருள் வாங்கிக் குடுப்பாங்க. அப்புறம் சும்மா பேசற மாதிரி ஒண்ணே ஒண்ணு கேப்பாங்க. நாளைக்கு எப்படி இருக்கும்னு.”

லாண்டரியக்காவுக்குக் காது அடைத்துவிட்டது. மேடம் அதற்கப்புறம் பேசினது ஒன்றும் அவளுக்குள் போகவில்லை. தம்பி கொடுத்ததாக நினைத்துக்கொள்ளச் சொன்னானே, படுபாவி. எழுந்து வெளியே வந்து, மைதானத்துக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செத்துத் தொலையலாமா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மகள் கட்டுப்போட்ட விரலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அப்பா மாவுக் கையோடு அப்போதுதான் வந்திருந்தான். அம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் எழுந்துபோய் அதை நிறுத்தினான்.

“அறிவு கெட்டவளே! நான் அன்னிக்கே சொன்னேனே, வாயை அடக்குடீன்னு!”

“சட்டையப் பார்த்தா?” என்றாள் மகள். அவள் குரல் உயரவேயில்லை. “சட்டையப் பார்த்தாம்மா கண்டுபிடிச்சே?”

“ஆமாடி. நீ ஒண்ணும் சொல்லலியேன்னுதான்…”

“நான் சொல்லாம இருக்க என்ன பாடுபட்டேன் தெரியுமா? அன்னிக்கு விரல் வீங்கி உசுரு போச்சும்மா. அம்மான்னு ஓடிவந்து காட்டணும்போல இருந்துச்சு. காட்டினா தகவலாயிடுமேன்னு குளியலறையில கொழாயைத் தெறந்துவிட்டு அழுதேன். கைய பாக்கெட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.”

“அய்யோ கண்ணு…”

“கிட்ட வராதே.”

அப்பா குரலைத் தணித்துக்கொண்டான். “இங்க பாரு. இது நம்ம மூணு பேரோட போகட்டும். வீட்டுலேருந்துதான் போச்சுன்னு தெரிஞ்சா இன்னும் மோசமாயிடும். ஃபேனைத் தூக்கிப் போட்டுடலாம். சிம்மை ஒடிச்சிடலாம்.”

“இல்லப்பா. சொல்லணும்.”

“பைத்தியமா உனக்கு?”

“தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம இருந்தா அதுவும் தப்புதான். வகுப்புல சொல்லியிருக்காங்க.” சுவரு டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். “நான் தப்பு பண்ணலைப்பா. தப்பு பண்ணாதவ மாதிரியே இருந்துட்டுப் போறேன்.”

விசாரணை அறையில் ஏசி குளிரில் லாண்டரியக்காவுக்குப் பல் கிட்டியது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இந்த நம்பரை வெச்சிருக்கிறது நீங்களா?”

“ஆமாங்க. பேருதான் அவ பேரு. சிம் வாங்கறப்ப எங்கிட்ட அட்டை இல்லீங்க.”

“உங்க மக ஆடமாட்டான்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க. சட்டை மடிப்புல வந்துச்சு.”

ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அம்மா, பொண்ணைக் காப்பாத்தணும்னு நீங்களா ஒரு கதை சொல்றீங்களா?”

“பொண்ணைக் காப்பாத்தத்தான் சாமி வந்திருக்கேன். அதுக்காகப் பொய் சொல்லலை.”

மூட்டையண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் ஹேங்கர் கட்டையும் மடிப்புக் கட்டையும் விளக்கினார். கூட வந்திருந்த கோச் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கேள்வி வேறு பக்கம் திரும்பியது. வீட்டுக்கு ஒரு பொருள் வந்திருக்கிறது. அதன் காற்றில் சுவருவும் உட்கார்ந்திருக்கிறாள். முதல் விசாரணையில், வீட்டில் யாராவது எதையாவது வாங்கினார்களா என்று கேட்டதற்கு ‘இல்லை’ என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள்.

“அவளுக்குத் தெரியாதுங்க! நான்தான் பழசு வாங்கினேன்னு பொய் சொன்னேன்!”

“நீங்க இப்ப நிஜம் சொல்றீங்கன்னு வெச்சுக்குவோம். அப்ப உங்க மககிட்ட பொய் சொன்னீங்க. எதை நாங்க நம்பறது?”

லாண்டரியக்கா மகளைத் திரும்பிப் பார்த்தாள். சுவரு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு வந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் வீட்டிலிருந்து தகவல் கசியாமல் காக்கவில்லை என்று சுவருவுக்கு இரண்டு வருஷத் தடை. லாண்டரிக்குக் கிளப் வேலை நின்றுபோனது. தேசிய முகாமுக்குப் பன்னிரண்டாம் நம்பர் பெண் போனாள். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வருகிற கீப்பருக்கு யார் இடம் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்? அது சுவருவுக்கே தெரியும். விரல் கூடியதும் அவள் கையுறைகளைப் பக்கத்துத் தெருப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள்.

மேடம்தான் ஒரு வழி சொன்னார். மற்ற கிளப்புகளுக்குப் போய், வகுப்பில் தன் கதையைச் சொன்னால் தடையில் கொஞ்சம் குறைப்பார்கள். சுவரு சரி என்றாள். அதைக்கூட அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. அப்பா சொல்லித்தான் தெரிந்தது.

“நானும் போய்க் கேக்கட்டுமா?” என்றாள் அம்மா.

“போயேன். உன்னை யாரு அங்க அடையாளம் கண்டுக்கப்போறா?” என்றான் அவன். பாவம், அவனுக்கும் திட்டித் திட்டி அலுத்துப்போயிருந்தது.

ஒரு பள்ளிக்கூடத்துக் கூடம். சின்னச் சின்னப் பெண்கள், வேர்வையோடு, தண்ணீர் பாட்டிலும் கையுமாக. லாண்டரியக்கா கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். சுவரு முன்னால் வந்து நின்றாள். நெருப்பில் நிற்கிற மாதிரி இருந்தது அம்மாவுக்கு. ஆனால் மகள் பேச ஆரம்பித்ததும், வெட்கக்கேடு, அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. எத்தனை காலமாயிற்று இந்தக் குரல் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டு! மூட்டை வருகிறது, ஹேங்கர் கட்டு, மடிப்புக் கட்டு, உள்புறமாகத் திருப்பித் தேய்க்கிறது என்று எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். அம்மா வேலை செய்வதை அவள் இவ்வளவு கவனித்திருக்கிறாள் என்று பெற்றவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சட்டையைப் பார்த்தே கண்டுபிடித்தாள் என்ற இடத்தில் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சுவரு அவர்கள் சிரித்து முடிக்கிற வரைக்கும் நின்றாள். அப்புறம் மிச்சத்தையும் சொன்னாள்.

முடிந்ததும் முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். “அக்கா, உங்கம்மா மேல உங்களுக்குக் கோவம் இல்லையா?”

“ஆரம்பத்துல இருந்துச்சு. இப்ப இல்லை. அவங்க கெட்டவங்க இல்லை. அவங்கள ஏமாத்திட்டாங்க.”

“அப்ப இப்ப பழையபடி பேசிக்கிறீங்களா?”

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுவருவே சொன்னாள்.

“பேசறோம். ஆனா அம்மா என்ன கேட்டாலும், சொல்லலாமா வேண்டாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிடறேன். சாப்பிட்டியான்னு கேட்டாக்கூட.”

பெண்கள் கைதட்டினார்கள். மேடமும் தட்டினார். லாண்டரியக்கா எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மகள் வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்து முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பினவள், உதடு உலர்ந்திருந்தது. இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். கேட்டுவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது அவளுக்கு. மகள் யோசிப்பாளே என்று பயந்துகொண்டு, கேட்காமலே கூட நடந்தாள்.